பச்சை குத்தும் அறையிலிருந்து ஒரு பெர்ஃப்யூம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு தடவைக்குச் சில நூறு குப்பிகள் மட்டுமே தயாரிக்கும் சிறு பெர்ஃப்யூம் நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. பச்சை குத்தும் கலையை மையமாக வைத்து ஒரு பெர்ஃப்யூம் செய்ய வேண்டும் என்று அங்கிருந்த வாசனை வடிவமைப்பாளருக்கு வெகுநாளாக ஆசை. இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ள பெண்மணி அவர். அவரோடு சேர்ந்துகொண்டவர் முழுநேரமாகப் பச்சை குத்தும் இளைஞர் ஒருவர். அவருக்கென்று தனி ஸ்டூடியோ இருந்தது. உருவாகும் ஒவ்வொரு வடிவத்தையும் முகர்ந்து, நினைத்ததை அது எட்டியிருக்கிறதா என்று சொல்லும் மதிப்பீட்டாளர் வேலை என்னுடையது. அப்போது எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களையும் இடத்தையும் நீக்கிவிட்டேன்.

இந்த வகை பெர்ஃப்யூமை நிஷ் என்பார்கள். பெரிய நிறுவனங்கள் கடையில் நுழைகிற எல்லோருக்கும் பிடிக்கும்படியான மணத்தைத் தேடும். நிஷ் தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு எண்ணத்தையோ இடத்தையோ எடுத்துக்கொண்டு அதைக் கடைசி வரை விடாமல் பின்பற்றுவார்கள். கொஞ்சம் பேருக்குப் பிடித்தாலும் ஆழமாகப் பிடித்தால் போதும். அதனால் எண்ணம் பிசகினால் மொத்தமும் பிசகிவிடும். இங்கே எண்ணத்தை மூன்று சொல்லில் எழுதி வைத்திருந்தார்கள்: மை, ஊசி, தோல்.

முதல் வடிவம்

வடிவமைப்பாளர் மையிலிருந்து தொடங்கினார். அது இயல்புதான். பெர்ஃப்யூம் உலகில் மை மணத்துக்கென்று ஒரு பழகிய வழி இருக்கிறது. சீன மைக்கட்டி என்பது பைன் மரப் புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது. பசையின் வாடை தெரியாமலிருக்கக் கற்பூர வகைகளையும் கஸ்தூரியையும் அதில் சேர்ப்பது வழக்கம். ஆகவே மை வேண்டும் என்றால் வெட்டிவேர், பச்சௌலி, கோரைக்கிழங்கு எண்ணெய், கொஞ்சம் கற்பூரக் குளிர்ச்சி, பதனிட்ட தோலின் வாடைக்கு ஐசோபியூட்டைல் குயினோலின் துளியளவு என்று போவார்கள். இவரும் அப்படித்தான் போனார். முதலில் எழும் மணமாக மேலே பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயை வைத்தார்.

வந்த மணம் அருமையாக இருந்தது. இருட்டு, வறட்சி, குளிர்ச்சி மூன்றும் சேர்ந்த மணம் என்று குறித்து வைத்தேன். பச்சை குத்துபவர் காகிதக் கீற்றை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அப்புறம் சொன்னார்: “அக்கா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது பேப்பர்ல எழுதுற மை. நாங்க குத்துற மைக்கு வாசனையே கிடையாதே.”

தன் பையிலிருந்து ஒரு மைக்குப்பியை எடுத்துத் திறந்து நீட்டினார். கார்பன் கறுப்பு, தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் ஆல்கஹால், விட்ச் ஹேசல் என்ற செடியின் சாறு. மூக்கை வாயருகே கொண்டுபோனால் லேசான ஆல்கஹால் நெடி வந்தது, அவ்வளவுதான்.

வடிவமைப்பாளர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டிக்குள் கிடைத்த ஏட்ஸி என்ற மனிதரின் உடல் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. நிறமாக உள்ளே போயிருப்பது புகைக்கரி. அடுப்புக்கரிதான் இந்தக் கலையின் முதல் மை என்றால், புகை மணம் எப்படி அந்நியமாகும் என்று கேட்டார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புகை அடியில் மெல்லியதாக இருக்கட்டும், ஆனால் பெர்ஃப்யூமின் முகமாக அது வர வேண்டாம். முகம் எது என்பதை ஸ்டூடியோவுக்கே போய்த் தேடுவது.

அறையில் கவனித்தவை

வடிவமைப்பாளரும் நானும் வாடிக்கையாளர் சம்மதத்தோடு ஒரு முழு அமர்வை ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். அன்று இருவரும் எந்த வாசனையும் பூசவில்லை. குறிப்பேட்டில் மணங்களை நேர வரிசையில் மட்டும் எழுதுவது என்று பேசி வைத்திருந்தோம். விளக்கம் எதுவும் அப்போது எழுதக் கூடாது. இது நல்ல ஏற்பாடு. முகர்ந்ததையும் அதற்கான காரணத்தையும் ஒரே நேரத்தில் எழுதப் போனால், காரணம் மூக்கை முந்திக்கொண்டு போய்விடுகிறது.

முதலில் வந்தது சோப்பு. பச்சை குத்தும் அறைகளில் தோலைத் துடைக்க கிரீன் சோப் என்ற திரவ சோப்பைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துவார்கள். தாவர எண்ணெய் சோப்பு, ஆல்கஹால், லாவெண்டர் எண்ணெய் ஆகியவை அதன் பழைய மருத்துவக் கலவை. வேலை முடியும் வரை இந்தச் சோப்பு ஓயவேயில்லை. கோடு போடுவதற்கு முன் துடைக்கிறார், ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு மறுபடி தெளித்துத் துடைக்கிறார். அறையில் நுழைந்ததும் ‘டாட்டூ ஸ்டூடியோ மணம்’ என்று நாம் உணர்வதில் பெரும் பங்கு இந்த லாவெண்டருக்கு உண்டு. மையைத் துரத்திக்கொண்டிருந்தபோது இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து, முடி மழித்த தோல். சூடான, லேசாக உப்புக் கரிக்கும், மாவு போன்ற வாடை. அதன்மேல் வரைபடத்தைத் தோலில் பதிக்கத் தடவும் ஸ்டென்சில் ஜெல்லின் ஈரம், நைட்ரைல் கையுறையின் ரப்பர் வாடை. கோடு போட அவர் மின்காந்தச் சுருளால் இயங்கும் காயில் எந்திரம் வைத்திருந்தார். அதன் தொடுமுனையில் ஓயாமல் சிறு பொறி தெறிக்கும். கிட்டே குனிந்தால் இடிமழைக்கு முன் வருகிற காற்றைப் போல ஒரு கூர்மை. நிழல் போட மோட்டாரில் இயங்கும் ரோட்டரி எந்திரத்துக்கு மாறியதும் அந்தக் கூர்மை போய்விட்டது. இதை வடிவமைப்பாளர் என்னிடம் கையைத் தட்டிக் காட்டினார்.

வெகுநேரம் கழித்துத்தான் உலோக வாடை வந்தது. ஊசி தோலுக்குள் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை போகிறது, மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மையை வைக்கிறது. ரத்தமும் நிணநீரும் துளித்துளியாகக் கசியும். அந்த இடத்தில் நாணயத்தைக் கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் வருகிற வாடை எழுந்தது. இரும்புக்கென்று சொந்தமாக மணம் இல்லை என்பதை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தோலின் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் பெராக்ஸைடுகளை இரும்பு அயனிகள் உடைக்கும்போது 1-ஆக்டென்-3-ஓன் போன்ற பொருட்கள் பிறக்கின்றன. நாம் இரும்பு வாடை என்று சொல்வது அவற்றைத்தான். ரத்தத்தைத் தோலில் தேய்த்தாலும் அதே வாடை வருகிறது. ஆகவே அந்த வாடைக்கு ஊசி ஒரு தூண்டுதல்தான், மூலப்பொருள் மனிதத் தோல். இதைப் பேசிக்கொண்டு திரும்பும்போதுதான் வடிவமைப்பாளர் தன் மூன்று சொற்களில் மையை அடித்துவிட்டு அங்கே சோப்பு என்று எழுதினார்.

கடைசியில் பெட்ரோலியம் ஜெல்லி, மேலே மூடும் படலம். மணம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் அறை அமைதியாகிவிட்டது. வாடிக்கையாளர் சுவாசம் மாறியிருந்தது. அந்த மெத்தென்ற முடிவை எப்படியாவது பெர்ஃப்யூமின் அடியில் கொண்டுவர வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது.

இரண்டாவது வடிவமும் பெயர் சொல்லாத சோதனையும்

இரண்டாவது வடிவம் அறையை அப்படியே படம் பிடித்தது. மேலே லாவெண்டரும் ஆல்டிஹைடுகளும் சேர்ந்து சோப்பு. குத்தலுக்குக் கருமிளகும் கிராம்பும். உலோகத்துக்கு 1-ஆக்டென்-3-ஓன், 0.1 சதவீதக் கரைசலாக. இதில் ஒரு சொட்டு கூடினாலும் உலோகம் மறைந்து பச்சைக் காளான் வாடை வந்துவிடும். அந்த ஒரு பொருளை மட்டும் நம்ப முடியாமல் ரோஸ் ஆக்ஸைடையும் ஹீலியோனலையும் பக்கபலமாகச் சேர்த்தார். இரண்டுமே குளிர்ந்த உலோகச் சாயல் கொண்டவை. அடியில் சந்தனம், கஸ்தூரி வகைகள், பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த, புகை வாடை கொண்ட தார் சிறிதளவு.

பெயரோ கதையோ சொல்லாமல் சிலரிடம் கொடுத்தோம். இரண்டு வகையான பதில் வந்தது. உடலில் பச்சை குத்தியவர்களில் பலர் முகர்ந்ததும் சிரித்தார்கள். ஒருவர் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பச்சை குத்தாதவர்கள் தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். “ஆஸ்பத்திரி” என்றார் ஒருவர். “பல் டாக்டர்” என்று வேறு வேறு நாளில் முகர்ந்த இருவர் ஒரே மாதிரி சொன்னார்கள்.

பல் டாக்டர் எங்கிருந்து வந்தார் என்பது தெளிவு. கிராம்பின் முக்கிய மணப்பொருளான யூஜினாலைத் துத்தநாக ஆக்ஸைடோடு கலந்து பல்குழிக்குத் தற்காலிக அடைப்பாக வைப்பார்கள். அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தவர் மூக்கு அதை மறக்காது. சுத்தமான ஆல்கஹால் நெடியும் லாவெண்டரும் அதோடு சேர்ந்தால் மூளை வேறு முடிவுக்கு வர வழியே இல்லை.

எடுத்த முடிவுகள்

இந்த இடத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. பச்சை குத்துபவர், “அந்த பயமும் இதுல ஒரு பாகம்தான் அக்கா, அதை எடுத்துட்டா இது வெறும் சோப்பு பெர்ஃப்யூம்” என்றார். வடிவமைப்பாளரோ, கழுத்தில் அடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஒன்றில் நோயாளி நினைப்பு வரக் கூடாது என்றார். என் கருத்து வடிவமைப்பாளர் பக்கம் சாய்ந்தது. பச்சை குத்திக்கொள்பவர் வலியைத் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார். ஆஸ்பத்திரிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. இரண்டு அறைகளும் ஒரே சோப்பில் துடைக்கப்பட்டாலும், உள்ளே வருகிறவரின் மனநிலை வேறு. மணம் அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும் என்று வாதாடினேன்.

கிராம்பு முழுதாக வெளியேறியது. குத்தலுக்கு இளஞ்சிவப்பு மிளகு வந்தது. அது கூர்மையாக ஏறி விரைவில் அடங்கும், மருந்து நினைப்பைத் தூண்டாது. லாவெண்டர் இருந்தது. ஆனால் அதன் கற்பூரச் சாயலைக் குறைத்து, மாவுத் தன்மையை ஏற்றினார்கள், மழித்த தோல் நினைவுக்கு வரும்படி. உலோகம் அப்படியே நின்றது. அதைக் குறைக்கக் கூடாது என்பதில் பச்சை குத்துபவர் உறுதியாக இருந்தார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய மாற்றம் அடித்தளத்தில். பச்சை நிலைத்திருப்பது எப்படி என்று வடிவமைப்பாளர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன மைத்துகள்களைத் தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்குகின்றன. அந்தச் செல்கள் சாகும்போது நிறம் வெளியே வருகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல்கள் அதைத் திரும்ப விழுங்கிக்கொள்கின்றன. பிரான்ஸில் எலிகளில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வெளியே அசையாமல் தெரிகிற கோடு, உள்ளே ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அவர் இதை அப்படியே கட்டமைப்பாக எடுத்துக்கொண்டார். கனமான ஒரே பொருளை அடியில் கொட்டி நாள் முழுக்க நிற்க வைப்பது எளிது. அதற்குப் பதிலாக, வெவ்வேறு வேகத்தில் ஆவியாகும் பொருட்களை ஒரே சாயலில் தேர்ந்தெடுத்து, ஒன்று மங்கும்போது அடுத்தது அதே குரலில் தொடரும்படி அடுக்கினார். கஸ்தூரி வகையில் மட்டும் கேலக்ஸோலைடு, எத்திலீன் பிராசிலேட், அம்ப்ரெட்டோலைடு என மூன்று. இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. பெரிய மூலக்கூறு கொண்ட கஸ்தூரிகளில் ஏதாவது ஒன்று சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. மற்ற எல்லாவற்றையும் நன்றாக முகர்பவருக்கே அந்த ஒன்று மட்டும் தெரியாது. ஒரே கஸ்தூரியை நம்பியிருந்தால் அவர்களுக்கு அடித்தளமே இல்லாத பெர்ஃப்யூம் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று இருந்தால் ஒன்றாவது எட்டும். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. விளம்பரத்துக்குச் சொல்கிற கதையும் சூத்திரத்தின் தேவையும் ஒன்றாகச் சேருவது அபூர்வம்.

சாம்பிராணியும் சந்தனமும் அதோடு சேர்ந்து களிம்பு தடவிய தோலின் மெத்தென்ற உணர்வைக் கொடுத்தன. மூன்றாவது வடிவத்தை முகர்ந்ததும் பச்சை குத்துபவர் அதிகம் பேசவில்லை, தலையாட்டினார்.

முன்கை சிவந்த சம்பவம்

வெளியீட்டுத் திட்டத்தில் ஒரு யோசனை இருந்தது. ஸ்டூடியோவில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குப் பராமரிப்புக் குறிப்பும் களிம்பும் வைத்துக் கொடுக்கும் பையில் இந்தப் பெர்ஃப்யூமின் சிறு தெளிப்பான் ஒன்றையும் வைப்பது. நல்ல நோக்கம்தான். அந்த நாளின் நினைவாக ஒரு மணம்.

சோதனைக்காக மாதிரி பெற்றிருந்த ஒருவர், குத்தி ஒரு வாரமே ஆன முன்கை மேல் அடித்துக்கொண்டார். பெயரே பச்சையைப் பற்றியது என்பதால் பச்சையின் மேல் அடிப்பதுதான் முறை என்று அவர் நினைத்திருந்தார். சுரீரென்று எரிந்தது, சிவந்து தடித்தது. அவர் உடனே தண்ணீரில் கழுவிவிட்டு ஸ்டூடியோவைக் கூப்பிட்டார். பச்சை குத்துபவர் அன்றே அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார், பையில் வைக்கும் யோசனையையும் அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார்.

மருத்துவர் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி பெர்ஃப்யூம் செய்ய நினைக்கும் யாருக்கும் இது வேண்டும். புதிதாகக் குத்திய பச்சை ஒரு காயம். மேற்பரப்பு மூட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், ஆழத்தில் ஆறுவதற்கு அதைவிட வெகுநாள் ஆகும். பெர்ஃப்யூமில் பெரும்பகுதி எத்தனால். திறந்த தோலில் அது எரிக்கும், வறட்டும். அதைவிடக் கவலைக்குரியது ஒவ்வாமை. லாவெண்டரில் இருக்கும் லினலூல் காற்றில் பட்டுப் பழசாகும்போது ஹைட்ரோபெராக்ஸைடுகளாக மாறுகிறது. அவை தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. காப்புச் சுவர் உடைந்திருக்கும் தோலில் இவை ஆழமாக இறங்கும். ஒரு பொருளுக்கு உடல் ஒரு தடவை ஒவ்வாமை பழகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். அப்புறம் அதே லினலூல் இருக்கிற ஷாம்பூ, க்ரீம், சோப்பு எதுவுமே அவருக்கு ஆகாது.

இவருக்கு வந்தது எரிச்சலா ஒவ்வாமையா என்பதை முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தோல் ஆறிய பிறகு முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். மணப்பொருள் கலவைகளைச் சிறு பட்டைகளில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதன் பிறகும் ஒருமுறை பார்க்கும் சோதனை. எதற்கும் தடிப்பு வரவில்லை. அப்படியானால் ஆல்கஹாலால் வந்த எரிச்சலாகவே இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். பச்சையின் கோடுகள் ஓரிடத்தில் லேசாக மங்கியிருந்தன. ஆறிய பிறகு பச்சை குத்துபவர் அதைச் சரிசெய்து கொடுத்தார்.

சூத்திரத்தையும் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் பெர்கமோட்டில் விரல் வைத்தார். பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சூட்டுக்காயம் போல் சிவந்து, பிறகு கறுப்புத் தழும்பாக நிற்கும். அதனால்தான் சர்வதேச மணப்பொருள் சங்கமான இஃப்ரா, தோலில் தங்கும் பொருட்களில் சாதாரண பெர்கமோட் எண்ணெயை 0.4 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியிருக்கிறது. இவர்கள் அளவு வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் பச்சை மேல் அடிப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்த பிறகு, சித்திரத்தின் மேல் கறுப்புத் திட்டு விழும் சிறு வாய்ப்பைக்கூட விட்டு வைக்க வடிவமைப்பாளருக்கு மனமில்லை.

நான்கு மாற்றங்கள் நடந்தன. பெர்காப்டென் நீக்கிய பெர்கமோட்டுக்கு மாறினார்கள். லினலூல் பழசாவதைத் தள்ளிப்போட ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்தார்கள், திறந்த பிறகு எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைக் குப்பியிலேயே அச்சிட்டார்கள். பராமரிப்புப் பை யோசனையைக் கைவிட்டார்கள், ஸ்டூடியோவில் முகர்ந்து பார்க்கும் குப்பியும் வைக்கவில்லை. பெட்டியின் உள்மூடியில், திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது: முழுதாக ஆறாத பச்சையின் மேல் அடிக்க வேண்டாம், உடையில் அடித்துக்கொள்ளுங்கள். அழகு கெடும் என்று பெட்டி வடிவமைத்தவர் முணுமுணுத்தார். எழுத்தளவைக் குறைக்க யாரும் சம்மதிக்கவில்லை, அது மிகச் சரி.

பெட்டிப் படம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டியில் பாலினீசிய வடிவங்கள் வைக்கலாம் என்று முதலில் வரைந்திருந்தார்கள். பச்சை குத்துபவர் மறுத்தார். சமோவாத் தீவுகளின் பேஆ, நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரியரின் தா மோக்கோ ஆகிய மரபுப் பச்சைகள் எல்லாம் கண்ணுக்கு அழகான கோலங்கள் மட்டும் கிடையாது. குடிவழியையும் சமூகத்தில் ஒருவருக்குள்ள இடத்தையும் சொல்பவை, உரிமை உள்ளவர் மட்டும் சுமப்பவை. மாவோரியர் அல்லாதவர்களுக்குப் போடும் வடிவங்களுக்குக் கிரிதுஹி என்று அவர்களே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். விற்பனைப் பெட்டியில் மோக்கோவை ஒட்டுவது தன் தொழிலுக்கே அவமரியாதை என்றார்.

மாற்றாக எந்திரத்தின் கோட்டோவியம் வந்தது. சாமுவேல் ஓ’ரைலி 1891-இல் நியூயார்க்கில் பச்சை குத்தும் மின் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின் பேனாதான் அதற்கு அடிப்படை. படியெடுக்க வசதியாகக் காகிதத்தில் துளைகள் போட்ட கருவி அது. காகிதத்தைத் துளைத்தது பிறகு தோலைத் துளைத்தது என்ற அந்தத் தொடர்ச்சி வடிவமைப்பாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, தன் முதல் வடிவத்தின் காகித மைக்கும் ஒரு மரியாதை கிடைத்தது போல.

வெளியீட்டுக்குப் பிறகு

அடர்கலவையை ஆல்கஹாலில் சேர்த்து, ஊறவைத்து, குளிர்வித்து வடிகட்டி, முதல் தொகுதியைக் குப்பியிலிட்டார்கள். விற்பனை மெதுவாகத் தொடங்கியது. வாங்கியவர்களில் பச்சை குத்தியவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். இருந்தார்கள். ஆனால் எதிர்பாராத இன்னொரு கூட்டமும் வந்தது: பச்சை குத்திக்கொள்ள ஆசைப்பட்டும் வேலையாலோ வீட்டாராலோ உடல்நிலையாலோ முடியாதவர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பதால் தன்னால் குத்திக்கொள்ளவே முடியாது, இதை அடித்துக்கொண்டால் ஒரு நாளைக்காவது அது தன்மேல் இருப்பது போல் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வடிவமைப்பாளர் அந்தக் கடிதத்தை என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

முக்கியமான குறை ஒன்று வந்தது. பச்சை என்றால் அழியாதது, இது மாலைக்குள் போய்விடுகிறதே என்று பலர் கேட்டார்கள். மூன்று கஸ்தூரி வைத்தும் இப்படி வருவதற்கு ஒரு பகுதி காரணம் மூக்கின் பழக்கம். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். மறுபகுதி எங்கள் விளம்பர வரி. “நிலைக்கும்” என்ற சொல் அதில் இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, முதல் அரை மணி நேரத்தில் என்ன வரும், பிறகு என்ன வரும், கடைசியில் எது தோலோடு ஒட்டி நிற்கும் என்று நேராக எழுதினார்கள். குறை சொல்வது வெகுவாகக் குறைந்தது. சூத்திரத்தில் ஒரு சொட்டும் மாறவில்லை.

புதிய பச்சையின் மேல் அடித்து எரிந்ததாக வெளியீட்டுக்குப் பிறகு யாரிடமிருந்தும் தகவல் வரவில்லை.

அடுத்த தடவை எதை மாற்றுவது

இருவரும் உட்கார்ந்து பேசியதில் முதலாவதாக வந்தது வரிசை. ஒரு தொழிலை வைத்து மணம் செய்வதென்றால், சூத்திரத்தில் கைவைக்கும் முன் அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் உட்கார்ந்து முகர வேண்டும். முதல் வடிவம் வீண் இல்லைதான், அதன் புகையும் வெட்டிவேரும் இன்னும் அடியில் இருக்கின்றன. ஆனால் அதற்குச் செலவான காலத்தில் உலோகச் சேர்க்கையை இன்னும் மெருகேற்றியிருக்கலாம்.

தோல் மருத்துவரைச் சூத்திரம் முடியும் முன்பே கூப்பிட வேண்டும் என்பது இரண்டாவது. பெயரும் கதையும் வாங்குபவரின் கையை எந்த இடத்துக்குக் கொண்டுபோகும் என்று முன்பே யோசிக்க வேண்டும். பச்சை என்று பெயர் வைத்தால் பச்சையின் மேல்தான் அடிப்பார்கள். இதை எச்சரிக்கை வரி எழுதுகிற வேலையாக மட்டும் பார்க்கக் கூடாது, சூத்திரம் எழுதுகிற வேலையின் பகுதியாகவே வைக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் தன் அடுத்த வேலைகளுக்கும் விதியாக எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் சொல்லாத சோதனையில் பச்சை குத்தியவர்களையும் குத்தாதவர்களையும் தொடக்கத்திலிருந்தே பிரித்துக் குறிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை அந்தப் பிரிவு எங்கள் கண்ணில் தானாகப் பட்டது. அது எப்போதும் படும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆல்கஹால் இல்லாமல் எண்ணெய் அடிப்படையில் ஒரு வடிவம் செய்யலாமா என்று வாங்கியவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எரிச்சல் குறையும், ஆனால் லினலூல் பிரச்சினை அப்படியே இருக்கும். எண்ணெய் தோலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் ‘ஆறாத பச்சைக்கும் இது சரி’ என்று தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பச்சை குத்துபவர் வேண்டாம் என்கிறார். பராமரிப்புக்கு மணமே இல்லாத களிம்புதான் சரி என்பது அவர் நிலைப்பாடு, மருத்துவரும் அதையே சொன்னார். வடிவமைப்பாளர் எண்ணெய் வடிவத்தை ஒத்திவைத்திருக்கிறார். இரண்டாவது தொகுதி அதே சூத்திரத்தில், உள்மூடியில் அதே எழுத்தளவோடு வருகிறது.